போய்ச் சேர்ந்த நேரம்

ஜனவரி 8, திங்கள்

டாக்டர் தினமும் ஏதாவது எழுதச் சொன்னார். எதை எழுதுவது என்று சொல்லவில்லை. அதனால் வேலை தேடுவதை எழுதப்போகிறேன்.

தொழில்நுட்பக் கட்டுரைகளுக்குப் பணம் தரும் இணைய இதழ்களின் பட்டியல் ஒன்று கிடைத்தது. அறுபத்திரண்டு பெயர்கள். மாமி வத்தல் காயப்போட மாடிக்குப் போன நேரத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இருபத்தொன்றின் பக்கமே திறக்கவில்லை. பதினான்கில் பணம் கிடையாதாம், ஆனால் என் பெயர் நிறையப் பேர் கண்ணில் படுமாம். ஒன்பதில் 'தற்போது புதியவர்களைச் சேர்ப்பதில்லை' என்று போட்டிருந்தது. மீதியில் எனக்குத் தெரிந்த விஷயத்தைப் பற்றி எழுதக்கூடியவை ஏழு. ஏழுக்கும் மெயில் அனுப்பிவிட்டேன்.

எனக்குத் தெரிந்த விஷயம் என்றால், சென்னையில் எட்டு வருடம் செல்பேசிச் செயலிகளைச் சோதித்த வேலை. நெட் மெதுவானால், விட்டு விட்டு வந்தால், அறவே போனால் ஒரு செயலி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பேன். போன மே மாதம் அதை விட்டுவிட்டு என் கணவர் ஆன்டனின் வீட்டுக்கு, தூத்துக்குடிக்கு வந்துவிட்டேன். இங்கே நானும் மாமியும்தான், ஆன்டனின் அம்மா.

வேலைக்கு நேர்காணல் போனால் 'நடுவில் ஏன் இந்த இடைவெளி?' என்று கேட்கிறார்கள். கட்டுரைக்கு யாரும் அதைக் கேட்கமாட்டார்கள்.

ஜனவரி 9, செவ்வாய்

பதில் இல்லை.

ஜனவரி 12, வெள்ளி

ஆன்டனிடமிருந்து குரல் செய்தி. "வினோ, நல்லா இருக்கியா, சாப்பிட்டியா? அம்மாவ கேட்டதா சொல்லு. இங்க நல்ல வெயில்." பதினான்கு நொடி.

"நல்லா இருக்கேன். நீங்க சாப்பிட்டீங்களா? மாமி கோயிலுக்குப் போயிருக்காங்க." ஒன்பது நொடி.

ஆன்டன் சரக்குக் கப்பலில் மூன்றாவது இன்ஜினியர். ஜூலையில் ஏறினார். ஒன்பது மாத ஒப்பந்தம். ஏப்ரல் முதல் வாரம் இறங்கவேண்டும். கப்பலில் வாரத்துக்கு இவ்வளவுதான் நெட் என்று அளந்து கொடுக்கிறார்கள், அதுவும் நடுக்கடலில் வந்தால் வரும். அதனால்தான் செய்திகள் சின்னதாக இருக்கின்றன.

ஜனவரி 17, புதன்

பொங்கல் விடுமுறை முடிந்ததும் இரண்டு பதில்கள் சேர்ந்து வந்தன. முதலாவது, நன்றி, வேண்டாம். இரண்டாவதில் ஒரு மனிதர் பாவம், உட்கார்ந்து விளக்கியிருக்கிறார்: இந்தத் தலைப்பில் மாதம் நாற்பது கட்டுரைகள் வருகின்றன, பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியவை, நீங்கள் இயந்திரம் இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்?

மாமியிடம் சொன்னேன். "ஒரு போன் போட்டு பேசிப் பாத்தா தெரிஞ்சிரும்லா?" என்றார். சரிதான்.

ஜனவரி 24, புதன்

ஓர் இதழ் சோதனைக்காக ஒரு கட்டுரை கேட்டது. 'செயலிச் சோதனைக்குப் பத்துக் கருவிகள்'. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். பத்தையும் நிறுவி, ஓட்டிப் பார்த்து எழுதினேன். இன்று பதில்: "பிழை எதுவும் இல்லை. ஆனால் இதை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்."

சாயங்காலம் வரை அந்த வரி கூடவே வந்தது. மீன் கழுவும்போதும் வந்தது.

ஜனவரி 29, திங்கள்

இன்று மாமி தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"வினோ, அவனுக்கு காலைலயே அனுப்புனேன். இன்னும் ஒத்த டிக்குலயே நிக்கி. ரெண்டு டிக்கு எப்ப விழும்?"

"அவர் போனுக்குப் போய்ச் சேந்தாத்தான் ரெண்டு விழும் மாமி. கப்பல்ல நெட் வரணும்."

"கேட்டானான்னு எப்படி தெரியும்?"

"பக்கத்துல இருக்கிற மைக் நீலமா மாறும். மெசேஜ அழுத்திப் பிடிச்சா எத்தன மணிக்குப் போச்சு, எத்தன மணிக்குக் கேட்டார், எல்லாம் காட்டும்."

"இது தெரியாம எத்தன பொம்பளைய இந்தத் தெருவுல ஒத்த டிக்க பாத்துட்டு ஒக்காந்திருக்காளுவ!" என்றார் மாமி.

எங்கள் தெருவில் எட்டு வீட்டு ஆண்கள் கப்பலில் இருக்கிறார்கள். மாமி போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. கப்பல் இணைப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் கப்பலில் இருந்துதான் எழுதுகிறார்கள். கரையில் காத்திருக்கும் பக்கத்திலிருந்து, செயலிகளைச் சோதிக்கத் தெரிந்த ஒருத்தியும் எழுதியதில்லை. அரை மணியில் யோசனையை எழுதி, பட்டியலில் கடைசியாக இருந்த அயர்லாந்து இதழுக்கு அனுப்பினேன். வலைப்பின்னல்களைப் பற்றி மட்டும் எழுதும் சின்ன இதழ்.

பிப்ரவரி 2, வெள்ளி

கிடைத்துவிட்டது!

ஆசிரியர் பெயர் நோரா. நான்கு வரிதான் எழுதியிருக்கிறார். ஆயிரத்து எண்ணூறு சொற்கள், நானூறு டாலர், மாத முடிவுக்குள் வேண்டும். ஒரு நிபந்தனை: உண்மையான எண்கள். ஒவ்வொரு செய்தியும் எப்போது அனுப்பப்பட்டது, எப்போது போய்ச் சேர்ந்தது, எப்போது கேட்கப்பட்டது என்று, கப்பல் ஏறிய நாளிலிருந்து அட்டவணை வேண்டும்.

"எழுதுனா துட்டு தருவாவளா?" என்று மாமி மூன்று முறை கேட்டார். பிறகு பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ஆன்டனுக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வரும்.

பிப்ரவரி 3, சனி

"சூப்பர் வினோ. நீ செய்வன்னு தெரியும்." ஆறு நொடி. இரண்டு தடவை கேட்டேன். பின்னால் யாரோ இரும்பைத் தட்டுகிறார்கள்.

பிப்ரவரி 5, திங்கள்

அட்டவணை தொடங்கியாயிற்று. ஜனவரியிலிருந்து பின்னோக்கிப் போகிறேன். நடுக்கடலில் சராசரித் தாமதம் ஐந்து மணி நேரம். துறைமுகத்தில் சில நொடிகள். டிசம்பர் முடிந்தது, நவம்பர் முடிந்தது. இந்த மாதிரி வேலை செய்து எத்தனை நாளாயிற்று. மத்தியானம் சாப்பிட மறந்துவிட்டேன், மாமி தட்டோடு வந்து நின்றார்.

செப்டம்பர் வரை வந்தேன். ஆகஸ்ட் வேண்டாம். ஜூலைக்குத் தாவி அதையும் முடித்துவிட்டேன். ஒரு மாதம் விட்டால் ஒன்றும் ஆகாது.

பிப்ரவரி 9, வெள்ளி

மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "அவன் ரெண்டு மாசம் கூட இருந்துட்டு ஜூன்ல வாரேன்னு சொல்லுதான். உன்ட்ட சொல்லிருப்பான்லா?"

"சொன்னார் மாமி."

சொல்லவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஆன்டன்: "சாப்பிட்டியா வினோ?"

நான்: "சாப்பிட்டேன். நீங்க?"

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். மாமி காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வந்தார். நான் போகவில்லை. கட்டுரையை முடித்து நோராவுக்கு அனுப்பினேன். நன்றாக வந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

சாயங்காலமே பதில் வந்துவிட்டது. பாராட்டித்தான் தொடங்கியிருந்தார். பிறகு இது. அப்படியே தமிழில் எழுதி வைக்கிறேன்:

"ஓர் இடத்தில் எனக்கு விளங்கவில்லை. ஜூலையில் ஒரு நாளைக்குப் பதினேழு செய்திகள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிடம். செப்டம்பரிலிருந்து நாளைக்கு ஒன்று, பன்னிரண்டு நொடி. ஜூலையில் கப்பல் துறைமுகத்தில் நின்றபோது மணிக்கணக்கில் வீடியோ அழைப்புகள். செப்டம்பருக்குப் பிறகு ஐந்து துறைமுகங்கள், இணைப்பும் மிக நன்றாக இருந்திருக்கிறது, ஆனால் ஒரு அழைப்புக்கூட நீடிக்கவில்லை. நீங்கள் இணைப்பு மோசமானதால் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் எண்களே அதை மறுக்கின்றன. ஆகஸ்டில் என்ன நடந்தது? அந்த மாதம் அட்டவணையில் ஏன் இல்லை?"

பிப்ரவரி 15, வியாழன்

எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டோம். எழுபது காய். விரலெல்லாம் எரிகிறது.

பிப்ரவரி 16, வெள்ளி

'ஆகஸ்டில் கப்பல் நிறுவனம் இணையத் திட்டத்தை மாற்றிவிட்டது' என்று நோராவுக்கு எழுதி அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் பதில்: "நல்லது, இப்போது புரிகிறது. பழைய திட்டம், புதிய திட்டம் இரண்டின் பெயரையும் அனுப்புங்கள். வெளியிடும் முன் எல்லாத் தகவலையும் நாங்கள் சரிபார்ப்போம்."

இல்லாத திட்டத்துக்கு நான் எங்கே போய்ப் பெயர் தேடுவேன்.

பிப்ரவரி 17, சனி

தலைவலி என்று சொல்லிப் படுத்திருந்தேன். கட்டுரையே வேண்டாம் என்று எழுதிவிடலாமா என்று யோசித்தேன். மாமி சுக்குக் கஷாயம் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாரே என்பதுதான் முதலில் தோன்றியது.

பிப்ரவரி 19, திங்கள்

மாமி சந்தைக்குப் போயிருந்தபோது ஆகஸ்டைத் திறந்தேன்.

டாக்டர் எழுதச் சொன்னது இதைத்தான் என்று எனக்கு முதல் நாளே தெரியும். எழுதிவிடுகிறேன்.

மே மாதம் நான் வேலையை விட்டது குழந்தைக்காக. அப்போது நாலாம் மாதம். இரத்தம் பட்டது, படுத்தே இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஜூலையில் ஆன்டன் கப்பல் ஏறினார். நவம்பரில் பிறந்தால், ஏப்ரலில் அவர் திரும்பும்போது பிள்ளை உட்கார ஆரம்பித்திருக்கும் என்று விரல் விட்டு எண்ணிச் சிரித்தோம். ஒரு நாளைக்குப் பதினேழு செய்திகள் எப்படிப் போயின என்றால் அப்படித்தான். உதைத்தால் ஒரு செய்தி, உதைக்காவிட்டால் ஒரு செய்தி.

ஆகஸ்ட் 18 காலையிலிருந்து அசைவு இல்லை. 19ஆம் தேதி காலை பெற்றேன். பெண். அழவில்லை.

மாமி, ஏஜெண்டுக்குப் போன் போட்டுக் கப்பலுக்குச் சொல்லச் சொல்கிறேன் என்றார். நான் வேண்டாம் என்றேன். யாரோ கேப்டன் அவரை அறைக்குக் கூப்பிட்டு நிறுத்திவைத்துச் சொல்லக்கூடாது. நான்தான் சொல்வேன். படுத்துக்கொண்டே குரல் செய்தி அனுப்பினேன். நாற்பது நொடி. "என்னங்க, பாப்பா போயிட்டா. பொம்பளப் பிள்ள. நான் நல்லா இருக்கேன்." அவ்வளவுதான். மீதி நேரம் வெறும் மூச்சு. பிறகு போனை மாமியின் பையில் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்தது 22ஆம் தேதி சாயங்காலம். போனை எடுத்தேன். அவருடைய பதில் அப்போதுதான் வந்திருந்தது. மூன்று நாள் கழித்து. ஆறு நிமிடம் பன்னிரண்டு நொடி. "வினோ, மூணு நாளா நெட் இல்லம்மா, ஆன்டெனா ரிப்பேரு, இப்பதான்..." எட்டாவது நொடியில் நிறுத்திவிட்டேன். மூன்று நாள் என் செய்தியை வைத்துக்கொண்டு இருந்துவிட்டு ஆன்டெனா என்று சொல்கிறார். அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. ஆறு மாதமாக அந்த மூன்று நாளை மனதில் வைத்துக்கொண்டுதான் அவரிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று என் செய்தியை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். மாமிக்குச் சொல்லிக்கொடுத்தேனே, அதே மாதிரி.

அனுப்பியது: ஆகஸ்ட் 19, காலை 11.20.
போய்ச் சேர்ந்தது: ஆகஸ்ட் 22, மாலை 4.35.
கேட்டது: மாலை 4.36.
அவர் பதில்: மாலை 4.47.

பதினொரு நிமிடம். அதில் என் குரலுக்கு நாற்பது நொடி. அவருடைய பதிலைப் பேச ஆறு நிமிடத்துக்கு மேல். நடுவில் மிஞ்சியது நான்கு நிமிடம். தன் பிள்ளை இறந்துபோனது தெரிந்த பிறகு அவர் தனக்கென்று எடுத்துக்கொண்டது நான்கு நிமிடம்.

எட்டு வருடம் இதைத்தானே பார்த்தேன், செய்தி எங்கே தேங்குகிறது என்று. என் செய்தியை மட்டும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

அவர் செய்தியை முழுதாகக் கேட்டேன். மொட்டைமாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து கேட்டேன்.

பின்னால் இன்ஜின் சத்தம். பாதி அவர் பேசவே இல்லை. "இங்க கீழ நிக்கேன் வினோ. இந்தச் சத்தத்துல நான் அழுதா யாருக்கும் கேக்காது" என்கிறார். எனக்குத் தையல் போட்டார்களா, வலிக்கிறதா, அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று கேட்கிறார். கடைசி நிமிடத்தில் இது:

"பிள்ள யாரு மாதிரி இருந்தா? நீ பாத்தியா? எனக்குச் சொல்லணும் நீ. இப்ப வேண்டாம். உனக்கு எப்ப சொல்லணும்னு தோணுதோ அப்ப சொல்லு. நான் நச்சரிக்க மாட்டேன். நீயா சொல்லுத வரைக்கும் நான் கேக்கவே மாட்டேன்."

கேட்கவே இல்லை. சொன்னபடி இருந்திருக்கிறார். நான் சொல்லுவேன், சொல்லுவேன் என்று ஆறு மாதம் காத்திருந்து, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

இன்னொன்றையும் எழுதவேண்டும். செப்டம்பரில் முதல் துறைமுகத்திலிருந்து அவர் வீடியோவில் கூப்பிட்டார். நான் போனை மேலே மின்விசிறியைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். "நெட் சரியில்ல, முகம் தெரியல" என்று சொல்லி வைத்துவிட்டேன். இணைப்பு மிக நன்றாக இருந்தது. அடுத்த துறைமுகத்திலும் அதையே செய்தேன். அப்புறம் அவர் கூப்பிடுவதை விட்டுவிட்டார்.

கீழே இறங்கி வந்து மாமியிடம் கேட்டேன்.

"மாமி, அவர் உங்ககிட்ட பாப்பாவப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

மாமி கையிலிருந்த கரண்டியை வைத்தார். "கேட்டான். வினோ சொல்லுவா, அவகிட்டதான் கேக்கணும், நான் சொல்ல மாட்டேன்னுட்டேன். பயமா இருக்கும்மாங்கான். கேட்டா அவ ஒடஞ்சிருவாளோன்னு பயமா இருக்குங்கான்."

"ஜூன்ல வாரேன்னு சொன்னது அதுக்குத்தானா?"

"நீ வராதன்னு சொல்லலியே தவிர, வான்னும் சொல்லலியே பிள்ள. அவன் என்ன செய்வான்?"

மாமி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோறு வைத்தார். அவருக்குத் தவக்காலம், ஒருவேளைச் சாப்பாடு. பக்கத்தில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 21, புதன்

நோராவுக்கு உண்மையை எழுதினேன். திட்டம் எதுவும் மாறவில்லை, நான் எழுதியது பொய், மன்னிக்கவும். என்ன நடந்தது என்று மூன்று வரியில் சொன்னேன். கட்டுரையை விலக்கிக்கொண்டாலும் எனக்குப் புரியும் என்றேன்.

பதில்: "சொன்னதற்கு நன்றி. நான் கேட்டது எண்களைப் பற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னியுங்கள். ஜூலையை மட்டும் வைத்தும் கட்டுரை நிற்கும், அட்டவணையைக் குறைத்துவிடலாம். அல்லது நீங்கள் விரும்பும் அளவுக்குச் சொல்லலாம். இரண்டுக்கும் ஊதியம் ஒன்றுதான். முடிவு உங்களுடையது."

என் ஒருத்தியுடைய முடிவு அல்ல. ஆன்டனுக்குக் குரல் செய்தி அனுப்பினேன். ஐந்து நிமிடம் இருபது நொடி. அந்த மூன்று நாளை நான் எப்படி நினைத்திருந்தேன் என்று சொன்னேன். மின்விசிறியைச் சொன்னேன். ஆறு நிமிடச் செய்தியை நேற்றுத்தான் கேட்டேன் என்று சொன்னேன். அதைச் சொல்லத்தான் அதிக நேரம் ஆயிற்று. ஆகஸ்டைக் கட்டுரையில் போடலாமா என்று கேட்டேன். கடைசியில், "யாரு மாதிரின்னு கேட்டீங்கல்ல? அத மெசேஜ்ல சொல்ல மாட்டேன். கூப்பிடுங்க" என்றேன்.

ஒற்றை டிக்.

பிப்ரவரி 22, வியாழன்

ஒற்றை டிக்.

பிப்ரவரி 23, வெள்ளி

ஒற்றை டிக். ஆன்டெனாவாக இருக்கும். இந்த முறை அப்படித்தான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 24, சனி

மாமி வந்து என் போனை எட்டிப் பார்த்தார். "ஒத்ததானா?"

"ஒத்ததான்."

ஜூலையில் அவர் அனுப்பிய பழைய செய்திகளைக் கேட்டேன். எல்லாவற்றையும் அல்ல. என் பெயரை அவர் எப்படிச் சொல்வார் என்பதற்காக, முதல் இரண்டு நொடி மட்டும், வரிசையாக. வினோ. வினோ. வினோ.

பிப்ரவரி 25, ஞாயிறு

பூசைக்குப் போனேன். ஆகஸ்டுக்குப் பிறகு முதல் தடவை. திரும்பி வரும் வழியில் பார்த்தேன், இரண்டு டிக். மைக் நீலம். பதில் வந்திருந்தது. நடுத்தெருவில் நின்று கேட்டேன்.

"கேட்டேன் வினோ. ரெண்டு தடவ கேட்டேன். கட்டுரையில போடு. ஒளிச்சு வைக்க என்ன இருக்கு. ஜூன் வரைக்கும் கையெழுத்து போட்டுட்டேன், இப்ப மாத்த முடியுமான்னு சீஃப் இன்ஜினியர்ட்ட கேட்டேன், எனக்கு மாத்து ஆள் இல்லங்காவ. அது என் தப்பு. ஒன்பதாம் தேதி தென்னாப்பிரிக்கால டர்பன் துறைமுகத்துக்கு வெளிய நங்கூரம் போடுவோம், கரைலேர்ந்து சிக்னல் கிடைக்கும். இங்க மத்தியானம், உனக்கு சாயங்காலம் ஆயிரும், கூப்பிடுதேன். முகத்த காட்டு."

ஜூன். இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது.

பிப்ரவரி 28, புதன்

திருத்திய கட்டுரையை அனுப்பினேன். அட்டவணையில் ஆகஸ்ட் உண்டு. ஆகஸ்ட் 19 உண்டு. அதன் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: "இதற்குப் பிறகு செய்திகள் குறைந்ததற்கு இணைப்பு காரணமல்ல. எங்கள் குழந்தை இறந்தது. கரையில் இருந்தவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார். கரையில் இருந்தவர் நான்."

நோரா அதில் ஒரு சொல்லையும் தொடவில்லை.

மார்ச் 6, புதன்

வெளிவந்துவிட்டது. தலைப்புக்குக் கீழே என் பெயர், வினோலியா ஆன்டன். மாமி தன் போனிலும் திறந்துதரச் சொன்னார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. விரலால் தள்ளித் தள்ளி அட்டவணையில் போய் நின்றார். எண்கள் படிப்பார்.

"இது அந்த நாள்தானே?"

"ஆமா மாமி."

அந்த வரியின் மேல் கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தார்.

கட்டுரையின் கீழே பின்னூட்டங்கள் வருகின்றன. பெரும்பாலும் வேலை சம்பந்தமான கேள்விகள். ஒருவர், தான் பதினோரு வருடம் கப்பலில் இருந்ததாகவும் தன் மனைவிக்கு இதை அனுப்பப்போவதாகவும் எழுதியிருந்தார். நோரா, அடுத்து என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஒன்பதாம் தேதிக்குப் பிறகு சொல்கிறேன் என்று எழுதினேன்.

மார்ச் 9, சனி

நான்கு மணி பத்து நிமிடத்துக்குக் கூப்பிட்டார்.

காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டேன். எந்தச் சேலை என்று இரண்டு தடவை மாற்றினேன். மாமி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். மணி அடித்ததும் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார்.

போனை நேராகப் பிடித்தேன். ஆன்டன் மெலிந்திருக்கிறார். தாடி வைத்திருக்கிறார், அதில் இரண்டு மூன்று நரை. பின்னால் வெள்ளைச் சுவர், ஒரு வட்ட ஜன்னல், அதில் வெயில். நல்ல சிக்னல். ஒரு தடங்கலும் இல்லை. 

"முடி கொட்டிருக்கு உனக்கு" என்றார்.

"உங்களுக்கு நரைச்சிருக்கு."

"ஆமா."

பிறகு அவர் கேட்கவில்லை. கேட்கமாட்டார், வாக்குக் கொடுத்திருக்கிறார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்.

"உங்க நெத்தி. அப்படியே உங்க நெத்திதான், அகலமா. தல நிறைய முடி, கறுப்பா, ஈரமா ஒட்டியிருந்துச்சு. காது என் காது. வாய் மாமி வாய். ரொம்பச் சின்னதா இருந்தா. ஆனா எல்லாம் இருந்துச்சு. நகமெல்லாம் இருந்துச்சு. மாமிதான் வெள்ளத் துணில சுத்திக் குடுத்தாங்க. கொஞ்ச நேரம் என் பக்கத்துலயே வச்சிருந்தேன். சூடா இருந்தா. முதல்ல சூடாத்தான் இருந்தா."

அவர் கையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் போனைத் திருப்பவில்லை. நானும் அழுதேன், அவர் பார்த்தார்.

வெகுநேரம் கழித்து, "நான் ஒரு பேரு வச்சிருந்தேன்" என்றார். "உன்ட்ட சொல்லல. பொறந்தப்புறம் சொல்லலாம்னு."

"சொல்லுங்க."

"சிரிக்கக்கூடாது."

"சொல்லுங்க."

"ஆன்லியா. ஆன்டன்ல பாதி, வினோலியால பாதி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தேன். "ஐயய்யோ, இது என்ன பேருங்க? மருந்து பேரு மாதிரி இருக்கு."

"நான்தான் சொன்னேனே சிரிக்கக்கூடாதுன்னு." அவரும் சிரித்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "கப்பல்ல நாலு நாள் யோசிச்சேன் அதுக்கு."

"நல்லா இருக்கு" என்றேன். "நிஜமா. நல்லா இருக்கு."

ஐந்தே முக்காலுக்கு அவருக்கு இன்ஜின் அறையில் வேலை. நாளைக்கும் கூப்பிடுவார். கப்பல் அங்கே ஆறு நாள் நிற்கும். அதன் பிறகு மறுபடி கடல், மறுபடி ஒற்றை டிக். ஜூன் பதினைந்து வாக்கில் இறங்குவார். நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தேன், தொண்ணூற்றெட்டு நாள்.

அடுக்களைக்குள் போனேன். மாமி அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. எல்லாம் காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் கேட்டார்.

"என்ன பேராம்?"

சொன்னேன்.

மாமி அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு சத்தமாக, யாரையோ பின்கட்டிலிருந்து சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, "ஆன்லியா" என்றார்.